ஷைஜுவுக்கு ஒரு கிண்ணம் ஸ்டூ

ஷைஜு அன்று காலையிலும் கஞ்சியைத் துப்பினான். துப்பியதோடு நிற்காமல் கிண்ணத்தையும் தட்டிவிட்டான். அது கட்டில் காலில் மோதி உருண்டு வாசல்படி வரை போய் நின்றது. அவன் மனைவி பிந்து தரையைத் துடைத்தாள். துணியை அலசக் கொல்லைக் குழாயடிக்குப் போனவள் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். குழாய் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூடத் தோன்றவில்லை.

ஷைஜு கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறி, மரம் மரமாக ஓடிய உடம்பு அது. இப்போது கட்டிலில் போர்வைக்குள் ஆள் இருக்கிறானா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. கழுத்தில் வந்த கட்டியைப் புற்றுநோய் என்று சொன்னதிலிருந்து திருவனந்தபுரத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். மருந்து ஏற ஏறக் கட்டி கரைந்தது, கூடவே அவனும் கரைந்தான். வாயெல்லாம் புண். எதைத் தின்றாலும் துருப்பிடித்த ஆணியை நக்குகிற மாதிரி இருக்கிறது என்றான். முட்டை, அக்கம்பக்கத்தில் வைத்துத் தந்த மீன், கோழி சூப்பு, டின்னில் வரும் சத்துமாவு எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. போன தடவை டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “எடை இதுக்கு மேல குறைஞ்சா அடுத்த ஊசி போட முடியாது. உடம்பு தாங்காது. எப்படியாவது சாப்பிட வையுங்க” என்றார். எப்படியாவது. அந்த ஒரு சொல்லைத்தான் பிந்து பஸ்ஸில் வந்த வழியெல்லாம் மென்றுகொண்டு வந்தாள். அடுத்த ஊசிக்கான நாள் நெருங்கிவிட்டது.

எழுந்து உள்ளே போனாள். ஷைஜு சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

“நீங்க சாவணும்னு முடிவு பண்ணியாச்சின்னா எங்கிட்ட சொல்லிருங்க. நானும் பிள்ளையுமா எங்க போவணும்னு இப்பவே பாத்துக்கிடுதோம்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. அவன் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசினான்.

“தின்னக்கூடாதுன்னு எனக்கு வீம்பா, ஏட்டி? எறங்க மாட்டங்குது. நேத்து முழுக்க அம்மா வைக்கிய எறச்சி ஸ்டூ நெனப்புதான். அது கெடச்சா ஒரு வாய் குடிப்பேன்னு தோணுது.” பிறகு அவசரமாகச் சொன்னான். “ஒங்கிட்ட கேக்கல்ல. சும்மா சொன்னேன்.”

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்பது பிந்துவுக்குத் தெரியும். அவள் மண்டைக்காட்டில் அய்யாவழிக் குடும்பத்தில் பிறந்தவள். அப்பா சுயம்புராஜ் தேங்காய் மொத்த வியாபாரி. அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் ஊர் நிழல்தாங்கலில் பணிவிடை செய்கிறவர். மீன்கூட அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் படிக்கப் போன இடத்தில் கிறிஸ்தவனான ஷைஜுவைப் பார்த்துப் பழகி, அந்த வேதக்காரன் வீட்டுக்கு அவள் மருமகளாகப் போனபோது, அவர் அவள் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார். அம்மா முத்துக்கனி மட்டும், அவர் கடைக்குப் போன சமயம் பார்த்துப் போன் பண்ணுவாள்.

ஷைஜுவின் அம்மா வேறு மாதிரி. வந்த முதல் வாரமே, “நீ பொறந்த வீட்டுப் பழக்கத்த எனக்காவ மாத்தாண்டாம் மக்கா” என்று சொல்லிவிட்டாள். இறைச்சி வாங்கும் நாட்களில் வீட்டை ஒட்டி இறக்கிய வெளிச் சாய்ப்பில் விறகடுப்பு மூட்டி, தனிச் சட்டியில் தானே வைப்பாள். பிந்துவை அந்தப் பக்கம் வரவிடமாட்டாள். இரண்டு வருடத்துக்கு முன்பு அவள் இறந்துபோனபோது அந்த ஸ்டூவும் கூடப் போய்விட்டது. கூட நின்று பார்த்திருந்தால் கைப்பக்குவமாவது தெரிந்திருக்கும். பிந்து ஒருநாளும் பார்த்ததில்லை.

மகள் அபிதாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பக்கத்து வீட்டு ஜாஸ்மியை ஷைஜுவுக்குத் துணை இருக்கச் சொல்லிவிட்டு, பிந்து தடிக்காரன்கோணம் பஸ்ஸில் ஏறினாள். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

இறைச்சிக் கடைக்குப் போனாள். கொக்கியில் தொங்கியதைப் பார்க்காமல் தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைக்காரருக்கு அவளைத் தெரியும்.

“நம்ம ஷைஜுக்க வீட்டுக்காரில்லா? நீங்க இதொண்ணும்…”

“அவருக்காக்கும். ஸ்டூ வைக்கணும். எது நல்லதோ அத நீங்களே போடுங்க.”

அவர் கத்தியை எடுத்தார். காலுக்கு மேலே நரம்போடு இருந்த சதையாகப் பார்த்து வெட்டினார். “இது வேவ நேரமாவும். அவசரப்படாதீங்க. பைய வெந்தா வெண்ணெ மாதிரி ஆவும். பல்லே வேண்டாம்.” எலும்பு ஒன்றையும் கூடப் போட்டார். பையை அவள் கையில் கொடுக்கும்போது, “எந்திரிச்சி வருவாரு, பாருங்க” என்றார். பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைக்கவும் முடியாமல், கீழே வைக்கவும் மனசில்லாமல், வழி முழுக்கக் கையிலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஷிஜியைப் போனில் கூப்பிட்டாள். ஷிஜி ஷைஜுவின் தங்கை, குவைத்தில் நர்ஸ். அண்ணனுக்கு முடியாமல் போனதிலிருந்து லீவு கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் அழுதுகொண்டிருப்பவள். போன வரவில் அவள் கொண்டுவந்த கரண்ட் சட்டி ஒன்று அலமாரி மேல் பெட்டி பிரிக்காமல் இருந்தது. அதன் பேர் ஸ்லோ குக்கர். காலையில் வைத்தால் சாயங்காலம்வரை தானாக மெல்ல வேகும், டூட்டிக்குப் போகிறவர்களுக்கு இது கைகொடுக்கும் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தாள்.

ஷிஜி போனில் முகம் காட்டினாள். ஆஸ்பத்திரி உடுப்போடு மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

“மைனி, நீங்களா எறச்சி வாங்கினிய?” அவள் குரல் ஒருமாதிரி ஆனது.

“அழாண்டாம் மக்கா. அழுதா எனக்கும் வரும், வேல நடக்காது. மொதல்ல என்ன செய்யணும், அதச் சொல்லு.”

ஷிஜி சொல்லச் சொல்லப் பிந்து செய்தாள். சதையை மஞ்சள்பொடி போட்டுக் கழுவத் தொடங்கினாள். விரலுக்கிடையில் அது வழுக்கியது. வாசலுக்கு ஓடிப்போய் வெறும் வயிற்றோடு ஓங்கரித்துவிட்டு, வாயைக் கொப்பளித்துத் திரும்பி வந்தாள். “அய்யா பொறுத்துக்கிடணும்” என்று சாமியிடம் வாய்க்குள் சொல்லிக்கொண்டு மறுபடியும் கையை விட்டாள். கரண்ட் சட்டியின் அடியில் பெரிய துண்டுகளாக உருளைக்கிழங்கும் கேரட்டும், அதன்மேல் இறைச்சியும் எலும்பும். எண்ணெயில் வாட்டிய சின்ன உள்ளி, இஞ்சி, ஒன்றிரண்டு பச்சைமிளகாய், பட்டை, கிராம்பு, நல்லமிளகு. வாய்ப்புண்ணுக்கு எரிவு ஆகாது என்பதால் மிளகைக் குறைத்துக்கொள்ளச் சொன்னாள் ஷிஜி. எல்லாம் மூழ்கும்படி வெந்நீர். கடைசியில் இறக்கும்போது தேங்காய்ப்பால்.

“மூடியத் தொறந்து தொறந்து பாக்கப்பிடாது மைனி. தொறந்தா சூடு போவும். அதுபாட்டுக்குக் கெடக்கட்டு.”

பிந்து பொத்தானைத் திருப்பிவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்தாள். வெகுநேரத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கண்ணாடி மூடியின் உள்பக்கம் வேர்த்தது. வாடை மெதுவாகப் பரவியது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். உள்ளே கட்டிலில் ஷைஜு தலையைத் திருப்பியதை ஜாஸ்மி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அதைக் கேட்டதும் பிந்து முந்தானையை எடுத்துவிட்டாள்.

மதியத்துக்கு மேல் மலையில் மேகம் இறங்கியது. மழை வந்தால் இங்கே முதலில் போவது கரண்ட்தான். எங்காவது ஒரு ரப்பர் கொம்பு ஒடிந்து கம்பியில் விழுந்தால் போதும். அன்றும் அப்படித்தான் ஆனது. சட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. மூடியைத் திறந்து கரண்டிக் காம்பால் குத்திப் பார்த்தாள். இறைச்சி கல்லாக இருந்தது. பாதி வெந்ததை அப்படியே ஆறவிட்டால் கெட்டுப்போகும், கெட்டதைக் கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்புக்கு அதுவே விஷம் என்று ஷிஜி காலையிலேயே எச்சரித்திருந்தாள். அதை ஒரு பானையில் கொட்டிக் கேஸ் அடுப்புக்கு மாற்றினாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் நீலமாகத் துடித்துவிட்டு அணைந்தது. மாற்று சிலிண்டர் இல்லை.

அலுமினியப் பானையைத் தூக்கிக்கொண்டு வெளிச் சாய்ப்புக்குப் போனாள். மாமியார் போன பிறகு யாரும் மூட்டாத அடுப்பு. ரப்பர் விறகு சாரல் பட்டு நனைந்திருந்தது. தேங்காய்ச் சவுரி நாரும் காகிதமும் வைத்து ஊதினாள். புகைந்தது, பற்றவில்லை. மறுபடி ஊதினாள். கண்ணில் புகை ஏறி நீராகக் கொட்டியது. அது புகையா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. “பத்து, சவமே, பத்து” என்று அடுப்பைத் திட்டினாள். மழை ஓட்டில் அடித்த சத்தத்தில் யாரோ வந்து நின்றது அவளுக்குக் கேட்கவில்லை.

“பிந்து.”

திரும்பினாள். தோளில் செவ்விளநீர்க் குலையோடு, நெற்றியில் நாமம் மழையில் கரைந்து மூக்குவரை வழிய, அப்பா நின்றுகொண்டிருந்தார். முன்னைக்கு இப்போது பாதி ஆளாக இருந்தார்.

அவளுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. பானையை மறைக்கவும் தோன்றவில்லை.

“அம்மை சொன்னா,” என்றார் அவர். “ராத்திரி ஒறக்கம் வரல்ல. அதான் வந்தேன்.” அடுப்பைப் பார்த்தார். “பானையில என்னது?”

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். பொய் சொல்லிக் காப்பாற்ற வேண்டிய எதுவும் அவளிடம் மிச்சம் இல்லை.

“எறச்சி. மாட்டெறச்சி. அவருக்கு வேற ஒண்ணும் எறங்க மாட்டங்குது அப்பா. இதுவும் எறங்கல்லன்னா எனக்குத் தெரியல்ல.” அவள் அடுப்பு வாயில் மறுபடி காகிதத்தைத் திணித்தாள். “நீங்க உள்ள வராண்டாம்னா வராண்டாம். வாசல்லயே இருங்க. எனக்கு இப்ப இத வேவ வைக்கணும்.”

சுயம்புராஜ் இளநீரைச் சுவர் ஓரமாக இறக்கி வைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டார்.

“நனஞ்ச வெறவ இப்பிடி அடுக்குனா எப்பிடிப் பத்தும்? நீங்கு.”

விறகை வெளியே இழுத்து, வெட்டுக்கத்தியால் மேல்பட்டையைச் செதுக்கிப் போட்டு, காய்ந்த உள்கட்டையை மட்டும் குறுக்கே வைத்து ஊதினார். தீ பிடித்தது. பானைக்கடியில் கொள்ளியைத் தள்ளியும் இழுத்தும் தீயை ஒரே அளவில் நிறுத்தினார். பானைக்குள் என்ன இருக்கிறது என்று அவர் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. சாயங்காலம்வரை அப்படியே இருந்தார்கள்.

இறைச்சி ஒருவழியாக நார் பிரிந்து கரண்டியில் உடைந்தது. அப்போதுதான் பிந்துவுக்குத் தேங்காய்ப்பால் நினைவு வந்தது. கரண்ட் இல்லை, மிக்சி ஓடாது. அவள் துருவியை எடுத்ததும் அப்பா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். ஆயுள் முழுக்கத் தேங்காயோடு கிடந்த கை. பூவாகத் துருவி, இளஞ்சூட்டு வெந்நீர் விட்டுப் பிழிந்து, கெட்டிப்பாலைத் தனியாக எடுத்துத் தந்தார். அவர் பிழிந்து தந்த பாலை அவள் அந்தப் பானையில் ஊற்றுவதை இந்தத் தடவை பார்த்துக்கொண்டிருந்தார்.

உப்பு பார்க்க வேண்டும். கூடினால் புண்ணில் எரியும், குறைந்தால் குமட்டும் என்று ஷிஜி திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். ஜாஸ்மி தன் வீட்டுக்குப் போயிருந்தாள். அபிதாவின் பஸ் இன்னும் வரவில்லை. பிந்து கரண்டி நுனியில் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டாள். அப்பா எதிரில் இருந்தார். அவரைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் வைத்தாள். சூடு மட்டும்தான் முதலில் தெரிந்தது.

கண்ணைத் திறந்தபோது அவர் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உப்பு போதுமா?” என்று கேட்டார்.

“போதும் அப்பா.”

கிண்ணத்தில் சாறும், மசித்த கிழங்கும், நாராகப் பிய்த்த இறைச்சியுமாக எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே அப்பாவும் வந்தார். ஷைஜு அவரைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று, முடியாமல் தலையணையில் சரிந்தான். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பார்ப்பது இதுதான் முதல்முறை.

“மாமா… ஒரு வார்த்த சொல்லியிருந்தா…”

“பேசாண்டாம். கெட.” சுயம்புராஜ் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவன் முதுகுக்குப் பின்னால் தன் மார்பை அணைவாகக் கொடுத்து நிமிர்த்திப் பிடித்தார். எடையே இல்லாத அந்த உடம்பைத் தொட்டதும் அவர் முகம் மாறியது.

முதல் கரண்டியை ஷைஜு விழுங்கினான். இரண்டாவதை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான். தொண்டை ஏறி இறங்கியது. திடீரென்று அவன் உடம்பு முறுக்கிக்கொண்டது. அத்தனையும் வெளியே வந்தது. கிண்ணத்தை அவள் விலக்குவதற்குள் சுயம்புராஜின் வெள்ளை வேட்டி முழுக்கச் சாறாகிவிட்டது.

பிந்து கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். ஷைஜு குழந்தையைப் போல அழுதான். “மாமா, ஒங்க வேட்டி… நான் வேணும்னு…”

“வேட்டி கெடக்கட்டு. அலக்குனா போவும்.” அவர் பிடித்த பிடியை விடவே இல்லை. “ஏட்டி, என்ன பாத்துக்கிட்டு நிக்க? அவனுக்கு வாய் கழுவக் கொஞ்சம் வெள்ளம் குடு. பெறவு இன்னொரு கரண்டி எடு. சாறு மட்டும். இத்துணூண்டு.”

வாய் கழுவினான். கொஞ்ச நேரம் அவர் மார்பிலேயே சாய்ந்து கிடந்தான். பிந்து கரண்டியின் கால்பாகம் சாறு கொடுத்தாள். இருந்தது. காத்திருந்தார்கள். மறுபடி கால்பாகம். அதுவும் வயிற்றில் நின்றது. சுயம்புராஜ் அவன் நெஞ்சை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே, “பைய, பைய… அவசரமில்ல” என்றார். கிண்ணத்தின் சூடு ஆறி, இரண்டுமுறை அவள் போய்ச் சூடாக்கிக்கொண்டு வந்தாள். கடைசியில் ஒரு நார் இறைச்சியை அவனே கேட்டு வாங்கி, புண் படாமல் நாக்கில் வைத்து அழுத்தி விழுங்கினான். கிண்ணம் முழுக்கக் காலியாகவில்லை. ஆனால் உள்ளே போனது உள்ளேயே தங்கியது. அவன் அப்படியே தூங்கிப்போனான்.

அபிதா நனைந்த பள்ளிக்கூடப் பையோடு வந்தபோது, குழாயடியில் யாரோ ஒரு பெரியவர் அவள் அப்பாவின் நீலக் கைலியைக் கட்டிக்கொண்டு வெள்ளை வேட்டியை அலசிக்கொண்டிருந்தார்.

“அது ஆரும்மா?”

“ஒனக்க பாட்டா,” என்றாள் பிந்து.

பாட்டாவும் பேத்தியும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். “எத்தனாங் கிளாஸ் படிக்க?” என்று கேட்டார் அவர். அவள் சொன்னாள். பிறகு சோற்றில் ஸ்டூ ஊற்றி அவள் ஆவலாகச் சாப்பிடுவதை, பாலில்லாத ஒரு கட்டஞ்சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து பார்த்தார். பிந்து எவ்வளவு சொல்லியும் சாயாவைத் தவிர வேறு எதையும் அந்த வீட்டில் அவர் தொடவில்லை. ஈர வேட்டியைப் பிழிந்து பைக்குள் திணித்து, கைலியோடேயே பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

“மருந்துக்குப் போற அன்னைக்குக் கூப்பிடு,” என்றார் படியில் இறங்கும்போது. “கடை வண்டியில வாறேன். பஸ்ஸுல வச்சி அவன இழுத்தடிக்காண்டாம்.”

ஊசி போடும் நாள்வரை பிந்து அந்தப் பானையை நம்பித்தான் இருந்தாள். சில வேளை அவன் ஒரு கிண்ணம் குடித்தான், சில வேளை முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருவனந்தபுரத்தில் எடை பார்க்கும் கருவியில் அவன் ஏறி நின்றபோது, அவளும் அவள் அப்பாவும் முள்ளைப் பார்க்காமல் டாக்டர் முகத்தையே பார்த்தார்கள். எடை கூடவில்லை. குறையவும் இல்லை. டாக்டர் சிறிது யோசித்துவிட்டு, “போட்டுருவோம்” என்றார்.

மருந்து ஏறிய பிறகு வாந்தியும் புண்ணும் முன்னைவிட மோசமாக வந்தன. வீட்டுக்கு வந்த மறுநாள் ஷைஜு வாயைத் திறக்கவே இல்லை. ஒரு சொட்டு வெள்ளம்கூட வேண்டாம் என்று கையை ஆட்டினான். பிந்து அவன் போர்வையை இழுத்து மூடினாள். பிறகு ஜாஸ்மியைக் கூப்பிட்டுவிட்டு, இறைச்சி வாங்கப் பையை எடுத்துக்கொண்டு தடிக்காரன்கோணம் பஸ்ஸுக்கு ஓடினாள்.